சிங்கப்பூர்ல லாரி பின்னாடி ஆள் ஏத்துறது: யார் பேசணும், பேசினா என்ன ஆகும்?

தேக்காவாசி

வேலைக்குப் போற ஆளுங்கள லாரி பின்னாடி ஏத்திட்டுப் போறத பத்தி இங்க அப்பப்ப ரெண்டு வரி பேசிட்டு விட்டுடுறோம். ஒரு விபத்து நடந்தா ரெண்டு நாள் கொதிப்பு, அப்புறம் எல்லாரும் மறந்துடுறோம். இந்த தடவ முழுசா பேசித் தீக்கணும்னுதான் இந்த இழைய ஆரம்பிக்கிறேன்.

முதல்ல சட்டம். சிங்கப்பூர்ல சரக்கு வண்டி பின்னாடி ஆள் ஏத்தக்கூடாது, அதுதான் பொது விதி. முதலாளி தன்னோட தொழிலாளிய வேலைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கும், அவசரத்துக்கும்தான் விலக்கு. அதாவது ஒரு முதலாளி தன் சொந்தப் பிள்ளைங்கள அந்த லாரி பின்னாடி உக்கார வச்சு பள்ளிக்கூடத்துல கொண்டு போய் விட்டா குத்தம், அதே இடத்துல இருபது தொழிலாளிய உக்கார வச்சா குத்தமில்ல. கார்ல பின் சீட்டுல பெல்ட் போடலன்னா ஃபைன் போடுற ஊர் இது. அந்த ஊர்லதான் தெனம் விடியக்காலைல தீவு விரைவுச்சாலைல பெல்ட்டும் இல்லாம சீட்டும் இல்லாம பலகைல உக்காந்து ஆளுங்க போறாங்க.

2021 ஏப்ரல் 20 ஞாபகம் இருக்கா? தீவு விரைவுச்சாலைல பதினேழு பேர் இருந்த லாரி நின்னுட்டு இருந்த டிப்பர்ல மோதி ரெண்டு பேர் போயிட்டாங்க. அதுக்கப்புறம் நாடாளுமன்றத்துல கேள்வி வந்துச்சு. மழைக்கு மறைப்பு, டிரைவருக்கு ஓய்வு, டிரைவர் தூங்காம பாத்துக்க கூட ஒரு ஆள்னு சில விதிகளும் வந்துச்சு. இதுல எதையும் நான் குறைச்சு சொல்லல, ஆனா மூலப் பிரச்சினைய இதுல எதுவும் தொடல. 2023 ஜூலைல நாற்பதுக்கு மேல அமைப்புகள் ஒன்னா கையெழுத்து போட்டு இத தடை பண்ணச் சொல்லி கேட்டாங்க. உடனே இருபதுக்கு மேல வணிகச் சங்கங்கள் இது நடைமுறைக்கு ஒத்துவராதுன்னு அறிக்கை விட்டாங்க. ஆகஸ்ட்ல அரசாங்கமும் சின்ன கம்பெனிங்க மூடிட்டுப் போயிடும், வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு, எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) வேலையெல்லாம் தாமதமாகும்னு சொல்லிடுச்சு. அத்தோட நின்னு போச்சு.

இதுல யார் பேசலன்னு பாருங்க. அமைப்பு பேசுச்சு, சங்கம் பேசுச்சு, அமைச்சு பேசுச்சு. லாரில உக்காந்து போறவன் குரல் எங்கயாவது கேட்டுச்சா? என்னப் பொறுத்தவரைக்கும் லாரி ஒரு அடையாளம்தான். தன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும் "நான் ஏறமாட்டேன்"னு சொல்ல முடியாத நெலமைதான் நிஜமான பிரச்சினை. அது ஏன்னு பேசுவோம்.

---

கிராஞ்சி_டார்ம்

அண்ணே நான் டார்ம்ல (வெளிநாட்டுத் தொழிலாளிங்க தங்குற விடுதி) இருந்து எழுதுறேன், போன்ல டைப் பண்றேன் எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கங்க. ஏறமாட்டேன்னு ஏன் சொல்ல முடியலன்னு கேட்டீங்க. நான் இங்க வர்றதுக்கு முன்னாடி ஊர்ல ஸ்கில் டெஸ்ட்டுக்கு காசு கட்டி, ஏஜென்ட்டுக்கு காசு கட்டி, நகை எல்லாம் பேங்க்ல போயி, மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்கி வந்தவன். பேசிக் சம்பளம் நாளுக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஓட்டி (ஓவர்டைம்) அடிச்சாதான் சம்பளம்னு ஒன்னு தெரியும். முத வருசம் சம்பாதிக்கிறது எல்லாம் கடனுக்குப் போவும், ரெண்டாவது வருசத்துலதான் வீட்டுக்கு உருப்படியா அனுப்ப முடியும். வொர்க் பெர்மிட் முதலாளி கைல. கேன்சல் பண்ணா ஏர்போர்ட்டுதான். அப்ப ஊருக்குப் போயி அந்தக் கடன யாரு கட்டுறது?

லாரில இருக்குற ஆபத்து வேகம் மட்டும் இல்லண்ணே. காலைல அஞ்சு மணிக்கெல்லாம் ஏறணும், தூக்கம் கண்ணுல இருக்கும், கேட்டரிங் சாப்பாட்டு பொட்டலத்த மடியில வச்சுக்குவோம், அது மத்தியானம் சாப்பிடுறதுக்குள்ள நொந்து போயிருக்கும். சிமெண்ட் மூட்டை, ட்ரில் மெசின், கேஸ் சிலிண்டர் எல்லாம் நம்ம காலுக்கு நடுவுலதான். வண்டி பிரேக் போட்டா முதல்ல சாமான்தான் நம்ம மேல வரும். மழ வந்தா ரெண்டு பக்கமும் தார்ப்பாய எறக்கிடுவோம், அப்ப உள்ள மூச்சு முட்டும். சாயங்காலம் ஓட்டி முடிச்சு எட்டு ஒன்பது மணிக்கு வண்டி வரும், ரெண்டு சைட்ல ஆள் எறக்கி ஏத்தி டார்ம் வந்து சேர பத்து. அப்புறம் துணி துவைக்க வரிசை, குளிக்க வரிசை. இதுல ஒருத்தன் எழுந்து நின்னு எனக்கு பஸ் வேணும்னு கேப்பானா?

---

சப்கான்_காரர்

நான் இன்னொரு பக்கத்த சொல்லணும். திட்டாம படிங்க. நான் பத்து பன்னெண்டு ஆள் வச்சு டைல்ஸ் வேலைய சப்கான்ட்ராக்ட்ல எடுக்குறேன். என்கிட்ட இருக்குறது ஒரே லாரி. அதுலதான் சாமான், அதுலதான் ஆள். மெயின் கான் (முதன்மை ஒப்பந்தக்காரர்) எனக்குக் குடுக்குற ரேட்டுல தனியா ஒரு பஸ் வாடகைக்கு எடுத்தா அந்த வேலைல எனக்கு ஒன்னும் மிஞ்சாது. ஒரே நாள்ல மூனு சைட்டுக்கு ஆள் பிரிச்சு விடணும், பஸ் டிரைவர் என்னோட ஆளுக்காக சைட் வாசல்ல காத்துட்டு இருப்பாரா? வெளிநாட்டு ஆள வேலைக்கு வைக்க அரசாங்கத்துக்குக் கட்டுற லெவி மட்டும் ஒரு ஆளுக்கு எவ்வளவு போவுது தெரியுமா? 2024ல இருந்து கட்டுமானத்துல ஹையர் ஸ்கில் ஆளுக்கு மாசம் 500 வெள்ளி, பேசிக் ஸ்கில் ஆளுக்கு 900 வெள்ளி. அதுக்கு மேல டார்ம் வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ், 5000 வெள்ளி பாண்டு (அரசாங்கத்துக்குக் குடுக்குற உத்தரவாதம்). முதலாளின்னா எல்லாரும் பணத்துல புரளுறவன்னு நெனைக்காதீங்க. என்னோட ஆளுங்கள நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுறேன், அவங்க பிள்ளைங்க என்ன படிக்குதுன்னு எனக்குத் தெரியும்.

---

தேக்காவாசி

சப்கான் அண்ணே, நீங்க நேர்மையா எழுதினதுக்கு நன்றி, உங்களத் திட்டுறதுக்கு இந்த இழை இல்ல. ஆனா நீங்க போட்ட கணக்கையே திருப்பிப் பாருங்க. ஒரு பேசிக் ஸ்கில் ஆளுக்கு மாசம் 900 வெள்ளி லெவி கட்டுறீங்க. அந்த ஆளோட பேசிக் சம்பளம் அத விடக் கம்மி. மேல தம்பி சொன்ன 18 வெள்ளிய இருபத்தாறு நாளுக்குப் பெருக்கினா 468 வெள்ளி. அரசாங்கத்துக்கு அந்த ஆள் பேர்ல போற காசுல பாதி அளவுதான் அந்த ஆளுக்குப் போவுது. அப்ப பஸ்ஸுக்குக் காசில்லன்னு சொல்றதுல ஏதோ இடிக்குது. காசு இந்தத் தொழில்ல சுத்திட்டுதான் இருக்கு, உழைக்கிறவன் பக்கம் வரல. லெவில ஒரு பகுதிய போக்குவரத்து மானியமா திருப்பிவிடலாமேன்னு பேசினா என்ன தப்பு?

இன்னொன்னு. இந்த ஊர்ல கட்டுமானத்துக்கு பெரிய வாடிக்கையாளர் யாரு? அரசாங்கம். பெரும்பாலான வருசங்கள்ல மொத்த வேலைல பாதிக்கு மேல பொதுத்துறை வேலைதான், வீவக, எம்ஆர்டி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். ஆள் ஏத்த பஸ்னு டெண்டர்லயே ஒரு தனி ஐட்டம் போட்டு அதுக்குத் தனியா காசு ஒதுக்கினா, போட்டிக்கு வர்ற எல்லாரும் ஒரே மாதிரி அந்தச் செலவ சேத்துதான் விலை சொல்லுவாங்க. அப்ப நல்ல முதலாளி நஷ்டப்பட மாட்டார். இப்ப நெலமை என்னன்னா பஸ் வைக்கிறவர் விலை கூடுது, லாரில அடைக்கிறவர் டெண்டர் ஜெயிக்கிறார். சட்டம் எல்லாருக்கும் பொதுவா வந்தாதான் உங்கள மாதிரி ஆளுங்களுக்கே நல்லது. பஹ்ரைன்ல 2009லயே லாரில ஆள் ஏத்துறத தடை பண்ணாங்க. அங்க கட்டடம் கட்டாம நின்னு போயிடல.

---

சப்கான்_காரர்

டெண்டர்ல தனியா ஐட்டம் போட்டு அந்தக் காசு கடைசி சப்கான் வரைக்கும் எறங்கி வருதான்னு பாக்க ஒரு ஏற்பாடு இருந்தா நான் முதல் ஆளா பஸ் எடுப்பேன். எனக்கு மேல மூனு அடுக்கு இருக்கு, ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் எடுத்துட்டுதான் கீழ விடுது. அத யாரும் பேச மாட்டேங்கறாங்க, கடைசில லாரி ஓட்டுறவன் பேருதான் கெடுது.

---

ஊரிலிருந்து

எனக்கு ஒன்னு புரியல. நம்ம ஊர்ல டிராக்டர்லயும் மினி லாரிலயும் கல்யாணத்துக்கே போறோம். அங்க போயி நல்ல ரோடு நல்ல வண்டி, கைல வெள்ளிக் காசு, இதுல என்ன உரிமைப் பேச்சு? அந்த நாட்டு விதிக்கு ஒத்துக்கிட்டுத்தானே கையெழுத்து போட்டுப் போனாங்க. பிடிக்கலன்னா திரும்பி வரலாம், யாரும் கட்டி வைக்கல.

---

கிராஞ்சி_டார்ம்

யாரும் கட்டி வைக்கலதாண்ணே, கடன் கட்டி வச்சிருக்கு.

---

வெரோனா_அக்கா

ஊரிலிருந்து எழுதின தம்பிக்கு. நான் இந்த ஊர் குடிமகள், இங்கதான் பிறந்தேன், என் அப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். நான் இருக்குற வீவக வீடு, என் பேத்தி போற பள்ளி, நான் ஏறுற எம்ஆர்டி எல்லாம் இந்த ஆளுங்க கட்டினது. அதனால இது அவங்க பிரச்சினை இல்ல, என் பிரச்சினை. கல்யாணத்துக்கு ஒரு நாள் லாரில போறதும் வருசம் பூரா தெனம் ரெண்டு வேளை வேற வழியில்லாம போறதும் ஒன்னா?

"கையெழுத்து போட்டுப் போனாங்க" அப்படிங்கறத நான் ஏத்துக்கவே மாட்டேன். ஊர்ல சொன்ன சம்பளம் ஒன்னு, இங்க வந்து எறங்கினதும் வேற ஒன்னுன்னு எத்தனையோ பேர் என் முன்னாடி அழுதிருக்காங்க. நான் ஞாயித்துக்கிழமை தேக்கால (லிட்டில் இந்தியா) இலவச சாப்பாடு குடுக்குற இடத்துல தொண்டூழியம் பண்ணியிருக்கேன். அங்க வரிசைல நிக்கிறவங்க யாரு தெரியுமா? வேலைல கை ஒடிஞ்சு, பெர்மிட் கேன்சலாகி, கேஸ் முடியுற வரைக்கும் ஸ்பெஷல் பாஸ்ல உக்காந்திருக்குறவங்க. அந்தப் பாஸ்ல வேலை செய்யக்கூடாது. வேலை செய்யலன்னா சாப்பாடு ஏது? அதுக்குத்தான் 2008ல இருந்து டிடபிள்யூசி டூங்கற தொழிலாளர் உதவி அமைப்பு கஃப் ரோடு பக்கம் சாப்பாடு போடுறாங்க. நல்ல உடம்போட வந்த பையனுங்க, எல்லாம் இருபத்தஞ்சு முப்பது வயசு. தட்டு வாங்கும்போது தலைய நிமித்த மாட்டாங்க, ஊர்ல பத்து பேருக்கு சோறு போட்ட வீட்டுப் பிள்ளைங்க. இதப் பாத்துட்டு பிடிக்கலன்னா திரும்பி வான்னு எனக்குச் சொல்ல வாய் வராது.

---

ஊரிலிருந்து

அக்கா, மனசு கஷ்டமா இருக்கு. எனக்கு ஸ்பெஷல் பாஸ் பத்தியெல்லாம் தெரியாது. இங்க ஊர்ல வீடு கட்டுறதும் பைக் வாங்குறதும்தான் கண்ணுக்குத் தெரியுது. அப்ப இந்த விசயத்துக்கு அங்க இருக்குற நம்ம ஆளுங்க ஒன்னு கூடி ஒரு போராட்டம் பண்ண முடியாதா?

---

வழக்கு_உதவி

போராட்டம் பத்தி கேட்டதால கொஞ்சம் நீளமா எழுதுறேன், நான் தொழிலாளர்களோட சம்பளக் கேஸ்ல தாள் வேலைக்கு உதவி பண்ற ஆள்.

சிங்கப்பூர்ல அனுமதி இல்லாம பொது இடத்துல கூட முடியாது. ஹாங் லிம் பூங்கால பேச்சாளர் முனைன்னு ஒன்னு இருக்கு, அங்க குடிமக்கள் பதிஞ்சிட்டு பேசலாம். ஆனா வெளிநாட்டவர் அதுல கலந்துக்க தனியா பெர்மிட் வேணும். வொர்க் பெர்மிட் ஆள் தன் பிரச்சினைக்காக நடக்குற கூட்டத்துல தானே போயி நிக்க முடியாது. அத மீறி நின்னா என்ன ஆகும்? 2012 நவம்பர் 26ம் தேதி சீனாவுல இருந்து வந்த பஸ் டிரைவருங்க 171 பேர் சம்பள வித்தியாசத்துக்காகவும் தங்குற இடத்துக்காகவும் வேலைக்குப் போகாம இருந்தாங்க. அத்தியாவசிய சேவைல முன்கூட்டியே நோட்டீஸ் குடுக்காம பண்ண வேலைநிறுத்தம்னு 29 பேர திருப்பி அனுப்பினாங்க, அஞ்சு பேருக்கு ஆறு, ஏழு வாரம் ஜெயில். அடுத்த வருசம் டிசம்பர் 8ம் தேதி தேக்கால நம்ம ஊர் ஆள் ஒருத்தர் பஸ்ல அடிபட்டு இறந்தப்ப நடந்த கலவரம் எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் எத்தனை பேர் ஊருக்கு அனுப்பப்பட்டாங்க, மது விக்கிறதுக்கு எவ்வளவு கட்டுப்பாடு வந்துச்சுன்னும் தெரியும். விசாரணைக் குழு வேலை நெலமையும் வாழ்க்கை நெலமையும் காரணம் இல்லன்னு சொல்லுச்சு. அமைப்புகள் பலதும் அத ஏத்துக்கல. நானும் ஏத்துக்கல. ஆனா என் கருத்து கிடக்கட்டும், தெருவுல எறங்கினா தொழிலாளிதான் முதல்ல அடிவாங்குவான். இங்க இருந்து யாராவது டார்ம் ஆளுங்களப் பாத்து போராடுங்கன்னு தூண்டிவிட்டா அது பாவம், விளைவ அனுபவிக்கப் போறது தூண்டுறவர் இல்ல.

அதுக்காக வழியே இல்லன்னு நெனைக்காதீங்க. இந்த ஊர்ல மெதுவா, விடாம, ஆதாரத்தோட தட்டினா கதவு திறக்குது. 2001ல ஒரு இந்தோனேசியப் பணிப்பெண் வேலை பாத்த வீட்டுல கொடுமைப்பட்டு இறந்தாங்க. அந்த அதிர்ச்சில கூடின ஆளுங்கதான் பிறகு டிடபிள்யூசி டூ ஆனாங்க. வாரம் ஒரு நாள் லீவு கேட்டு வருசக்கணக்கா பேசினாங்க, 2013ல சட்டமாச்சு. ஆனா அதுலயும் லீவுக்குப் பதிலா காசு குடுத்துடலாம்னு ஓட்டை இருந்துச்சு. திரும்பத் திரும்பச் சொல்லி 2023ல இருந்து மாசம் ஒரு நாளாவது காசு குடுத்து வாங்க முடியாத லீவா ஆச்சு. பத்து வருசம் ஆச்சு ஒரு நாளுக்கு. எனக்கு அதுல கோவமும் உண்டு, ஆனா நடந்துச்சு.

இன்னொன்னு, இத டார்ம் ஆளுங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். முன்னாடி அடிபட்டா மூனு நாளுக்கு மேல எம்சி (மருத்துவ விடுப்பு) இருந்தாதான் முதலாளி மனிதவள அமைச்சுக்கு ரிப்போர்ட் பண்ணணும். அதனால சில இடத்துல ரெண்டு நாள் எம்சி, மீதி லைட் டியூட்டின்னு எழுதி வாங்கி கணக்குல வராம பண்ணிட்டு இருந்தாங்க. டாக்டருங்களும் தொண்டு அமைப்புங்களும் இத திரும்பத் திரும்ப எழுதினாங்க. 2020 செப்டம்பர் 1ல இருந்து ஒரு நாள் எம்சியோ ஒரு நாள் லைட் டியூட்டியோ குடுத்தாலும் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும். யாரும் தெருவுல எறங்கல, கேஸ் கேஸா எழுதி வச்சதால வந்த மாற்றம் இது.

---

கிராஞ்சி_டார்ம்

சார், கொரோனா நேரத்துலயும் இப்படித்தான. நாங்க உள்ள அடைஞ்சு கெடந்தப்பதான் வெளிய இருக்குறவங்களுக்கு டார்ம் எப்படி இருக்கும்னே தெரிஞ்சுது.

---

வெரோனா_அக்கா

ஆமா தம்பி, அந்த வருசத்த மறக்க முடியாது. 2020 ஏப்ரல்ல ஒவ்வொரு டார்மா பூட்டினாங்க. ஒரு ரூம்ல பன்னெண்டு, இருபது பேர், எல்லாருக்கும் ஒரே கழிவறை, இதுல ஒரு மீட்டர் தள்ளி நில்லுன்னா எங்க நிக்கிறது. டிசம்பர் மாசக் கணக்குப்படி டார்ம்ல இருந்த 3,23,000 பேர்ல 1,52,000 பேருக்கு நோய் வந்து போயிருந்துச்சு, அதாவது 47 சதவீதம். கிட்டத்தட்ட ரெண்டுல ஒருத்தர். அவங்க இந்த ஊர்ல இருபது வருசமா அப்படித்தான் தங்கிட்டு இருந்தாங்க. அமைப்புகள் சொல்லிட்டேதான் இருந்துச்சு, கிருமி வந்து சொன்ன பிறகுதான் காதுல விழுந்துச்சு.

அதுக்கப்புறம் புது டார்முக்கு விதி மாறுச்சு, ரூமுக்கு 12 பேருக்கு மேல கூடாது, ஒரு ஆளுக்கு 4.2 சதுர மீட்டர். நல்லது. ஆனா கடையெல்லாம் தொறந்து, ரெஸ்டாரண்ட்ல கூட்டம் வழிஞ்சப்பவும் இவங்கள மட்டும் வெளிய விட அனுமதிச் சீட்டு கேட்டாங்களே, அதத்தான் என்னால சகிக்க முடியல. 2022 ஜூன்ல தளர்த்தினப்பவும் ஞாயித்துக்கிழமை தேக்கா மாதிரி நாலு இடத்துக்குப் போக பாஸ் எடுக்கணும்னு வச்சாங்க. அவங்க கட்டின ஊர்ல, அவங்க சாமி கும்பிடுற தெருவுக்குப் போக பாஸ்.

---

தேக்காவாசி

அக்கா சொன்னதுல இருந்து நான் திரும்ப லாரிக்கே வர்றேன். டார்ம் மாறுனதுக்குக் காரணம், நோய் வெளிய பரவிடும்ங்கற பயம் எல்லாருக்கும் இருந்துச்சு. லாரி விபத்துல சாகுறது லாரில இருக்குறவன் மட்டும்தான், அதனாலதான் அவசரம் யாருக்கும் வரல. இத எழுதவே கை கூசுது ஆனா எனக்கு வேற காரணம் தெரியல.

அதனால என் கருத்துல லாரிக்குத் தடை கேக்குறதோட சேத்து இன்னொன்னையும் விடாம கேக்கணும், முதலாளிய மாத்துற உரிமை. இப்ப கட்டுமானத்துல பெர்மிட் முடியுறதுக்கு முன்னாடி 40ல இருந்து 21 நாளுக்குள்ள உள்ள அந்த சின்ன இடைவெளில மட்டும்தான் பழைய முதலாளி சம்மதம் இல்லாம வேற கம்பெனிக்கு மாற முடியும். மத்த நேரத்துல அவர் சம்மதம் வேணும். எப்ப வேணாலும் நோட்டீஸ் குடுத்துட்டு வேற கம்பெனிக்குப் போகலாம்னு இருந்தா, பஸ் வைக்கிற கம்பெனிக்கு ஆள் போவான், லாரில அடைக்கிற கம்பெனி ஆள் கிடைக்காம தானா திருந்தும். இந்த நாட்டுக்குச் சந்தைன்னா பிடிக்குமே, இவங்களுக்கு மட்டும் அந்தச் சந்தைய ஏன் மூடி வைக்கணும்?

---

சப்கான்_காரர்

அத மட்டும் ஏத்துக்க முடியலங்க. நான் லெவி கட்டி, கோர்ஸ் அனுப்பி, வேலை கத்துக் குடுத்து, மூனே மாசத்துல பக்கத்து கம்பெனி ரெண்டு வெள்ளி கூடக் குடுத்து இழுத்துட்டுப் போனா என் கதி என்ன? எனக்கும் குடும்பம் இருக்கு.

---

தேக்காவாசி

அப்ப நீங்க ரெண்டு வெள்ளி கூடக் குடுக்கணும் அண்ணே. உங்க கிட்ட வேலை பாக்குற உள்ளூர் சூப்பர்வைசர் எங்க வேணாலும் போகலாம், அவர் போயிடுவாருன்னு தெரிஞ்சுதான் நீங்க அவருக்குச் சம்பளம் ஏத்துறீங்க. அதே நியாயம்தான். கோர்ஸ் செலவு போயிடும்னு பயம்னா முத வருசம் மட்டும் ஒரு கட்டுப்பாடு வச்சு அப்புறம் திறந்து விடலாம், அதெல்லாம் பேசி முடிக்கக்கூடிய விசயம். உங்க பயம் பொய்னு சொல்லல. ஆனா அந்தப் பயத்துக்கு விலையா ஒருத்தனோட வாய அடைக்கக்கூடாது.

---

வழக்கு_உதவி

இதுல ஒன்னு சேத்துக்கறேன். சம்பளக் கேஸ் போட்டவங்களுக்கு அமைச்சே வேற வேலை தேடிக்க அனுமதி குடுக்குறது இப்ப நடக்குது, முன்னாடி பெரும்பாலும் ஊருக்குத்தான் அனுப்புவாங்க. அதுவும் அமைப்புகள் விடாம கேட்டதால வந்ததுதான். ஆனா கேஸ் போட்ட பிறகு மாறலாம்ங்கறதுக்கும் கேஸ் போட வேண்டிய நெலமை வர்றதுக்கு முன்னாடியே மாறலாம்ங்கறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

டார்ம்ல இருந்து படிக்கிறவங்களுக்கு, வேலைய விட்ட பிறகு சம்பள பாக்கிக்கு ஆறு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும், வேலைல இருக்கும்போதே குடுத்தா ஒரு வருசம் பின்னாடி வரைக்கும் கேக்கலாம். முதல்ல டாடம்ல (TADM, வேலைத் தகராறுகளைத் தீர்க்குற அமைப்பு) சமரசம், அங்க தீரலன்னா வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம், அங்க 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் தேவையில்ல. ஐபிஏ தாள்ல (பெர்மிட்டுக்கு முன்னாடி வர்ற கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம்) போட்டிருக்குற சம்பளத்த உங்க எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாம குறைக்க முடியாது, அந்தத் தாள் தமிழ்லயும் வரும், அத போட்டோ எடுத்து ஊர்ல வீட்டுக்கு அனுப்பி வைங்க. வேலை குடுக்குறதுக்கோ பெர்மிட் புதுப்பிக்கிறதுக்கோ முதலாளி உங்ககிட்ட காசு வாங்கினா அது குத்தம், ஜெயில் வரைக்கும் போகும். பாஸ்போர்ட்ட அவங்க எடுத்து வச்சுக்கறதும் தப்பு.

---

நன்னிலம்_பொண்ணு

எல்லாரும் பேசுறத படிச்சிட்டு இருந்தேன், நான் கணக்கு ஆரம்பிச்சதே இத கேக்கத்தான். என் தம்பி அங்க இரும்பு கட்டுற வேலைல இருக்கான். போன வாரம் கை விரல்ல கம்பி மாட்டி நல்லா வெட்டிடுச்சு, தையல் போட்டிருக்காங்க. கம்பெனி ஆள் கூட்டிட்டுப் போன கிளினிக்ல ஒரு நாள் எம்சி, அப்புறம் லைட் டியூட்டின்னு குடுத்திருக்காங்க. ரூம்ல விழுந்துட்டேன்னு சொல்லுன்னு சூப்பர்வைசர் சொல்றாராம். இவன் பயந்துட்டு சரின்னு சொல்லிடுவேன்னு அம்மாகிட்ட அழுறான். விரல் மடங்கலையாம். என்ன பண்றது, கேஸ் போட்டா அனுப்பிடுவாங்களா?

---

வழக்கு_உதவி

அம்மா முதல்ல தம்பிகிட்ட ரூம்ல விழுந்தேன்னு எங்கயும் சொல்ல வேணாம், எழுதிக் குடுக்க வேணாம், வெத்துத் தாள்ல கையெழுத்து போட வேணாம்னு சொல்லுங்க, இன்னைக்கே சொல்லுங்க. வேலைல அடிபட்டதுக்கு இழப்பீடு கேக்க யார் தப்புன்னு நிரூபிக்க வேண்டியதில்ல, வேலைல நடந்துச்சான்னு மட்டும்தான் பாப்பாங்க. அதனாலதான் ரூம்ல நடந்ததா மாத்தச் சொல்றாங்க. எம்சி நாளுக்கு சம்பளம் வரணும், வைத்தியச் செலவு முதலாளிதான் குடுக்கணும். விரல் முழுசா சரியாகலன்னா அதுக்குத் தனியா ஒரு தொகை உண்டு. முதலாளி ரிப்போர்ட் பண்ணலன்னா தம்பியே அமைச்சுக்கு நேரடியா தெரியப்படுத்தலாம், ஒரு வருசம் டைம் இருக்கு ஆனா அவ்வளவு நாள் விடக்கூடாது. அனுப்பிடுவாங்களான்னு கேட்டீங்க, கம்பெனி பெர்மிட்ட கேன்சல் பண்ணலாம். ஆனா கேஸ் பதிஞ்சிருந்தா அது முடியுற வரைக்கும் இங்க இருக்க ஸ்பெஷல் பாஸ் கேக்க வழி உண்டு. பதியாம ஏர்போர்ட்டுக்குப் போயிட்டா அப்புறம் ஊர்ல இருந்து நடத்துறது ரொம்ப கஷ்டம்.

---

கிராஞ்சி_டார்ம்

அக்கா, தம்பி எந்த டார்ம்னு எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க. பக்கம்னா நானே போயி பாக்குறேன், தூரம்னா அங்க தெரிஞ்சவன அனுப்புறேன். தனியா இருந்தா மிரட்டுவாங்க, கூட ஒரு ஆள் நின்னா யோசிப்பாங்க. கூட வேலை பாத்த பசங்க யாராவது பாத்திருந்தா அவங்க பேரையும் எந்த நாள் எத்தனை மணின்னும் எழுதி வச்சுக்கச் சொல்லுங்க.

---

சப்கான்_காரர்

நன்னிலம் தங்கச்சி, நான் முதலாளி பக்கம் நின்னு பேசினவன்தான், ஆனா இத பொறுக்க முடியாது. இன்சூரன்ஸ் நாங்க எல்லாரும் கட்டாயம் எடுத்து வச்சிருக்கோம், அந்த காசு இன்சூரன்ஸ்ல இருந்துதான் வரும். மறைக்கிறது அவங்க சேஃப்டி ரெக்கார்டு கெட்டுப்போகும்னுதான். வழக்கு உதவி சார் சொன்னபடி செய்யுங்க. இழைல கம்பெனி பேர் போட வேணாம், அவருக்கு மட்டும் தனியா சொல்லுங்க.

---

நன்னிலம்_பொண்ணு

இப்பதான் தம்பிகிட்ட பேசினேன். இன்னும் எதுலயும் கையெழுத்து போடலையாம். கிளினிக் சீட்டு சூப்பர்வைசர்கிட்ட இருக்காம், அது இல்லாம எப்படி?

---

வழக்கு_உதவி

சீட்டு இல்லன்னா பரவால்ல, கிளினிக்ல பதிவு இருக்கும். தம்பி தன் பெர்மிட் கார்ட காட்டி காப்பி கேக்கலாம், அது அவர் உரிமை. இன்னொன்னு, விரல் மடங்கலன்னா அந்தக் கிளினிக்கோட விடக்கூடாது, நரம்பு வெட்டியிருந்தா சீக்கிரம் பாத்தாதான் சரி பண்ண முடியும். அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு இன்னைக்கு ராத்திரியே போகச் சொல்லுங்க. அங்க டாக்டர் கேட்டா எந்த சைட், என்ன வேலை, எப்படி மாட்டுச்சுன்னு நடந்தத அப்படியே சொல்லணும், அது அங்க எழுத்துல ஏறிடும். கிராஞ்சி தம்பி, முடிஞ்சா நீங்க கூடப் போங்க.

---

கிராஞ்சி_டார்ம்

மெசேஜ் வந்துச்சு சார். பஸ்ல போனா முக்கால் மணி நேரம். ஓட்டி இல்ல இன்னைக்கு, கிளம்பிட்டேன்.